ஒரு மணி நேரந்தான்

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் அந்தக் கட்டில ரூமுக்குள்ள தள்ளிட்டா நல்லாருக்கும் லா. சுமங்கலிங்க வந்து வளையல் போடுற இடம்."

கண்மணி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அந்தச் செங்காங் அடுக்குமாடி வீட்டு ஹாலில் எவ்வளவு தாழ்த்திப் பேசினாலும் கட்டிலுக்குக் கேட்டுவிடும். கட்டிலில் கிடந்த கமலம் கண்களை மூடிக்கொண்டாள். எண்பத்தொரு வயது. ஈரலில் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை என்றான பிறகு, வாரம் இருமுறை தாதி வந்து வலிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போகிறார்.

கண்மணி, கமலத்தின் பேத்தி அனுப்ரியாவுக்கு மாமியார். அனுப்ரியாவுக்கு இது ஏழாம் மாதம்.

கமலத்தின் மகனும் அனுப்ரியாவின் அப்பாவுமான ரகுபதி கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

அப்போது பூன் லே பேட்டையில் இருந்தார்கள். கமலம் தொழிற்சாலை வேலை முடிந்து வந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் முகம் கழுவிக்கொண்டு பாட உட்காருவாள். ரகுபதி ஆர்மோனியத்தை இழுத்து வைப்பான். அவன் சுருதி தப்பினால் பாட்டை நிறுத்தாமலே தொடையில் ஒரு தட்டு விழும். பக்கத்து வீட்டு பதுருன்னிசா கரண்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்பாள். அந்த அடுக்குமாடி புளோக்கில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் பாட்டு கமலம், ஆர்மோனியம் மகன்.

கணவர் கோவிந்தராசு மாரடைப்பில் போன மறுவருடம் ரகுபதியின் மனைவிக்கு வளைகாப்பு. வயிற்றில் இருந்தது அனுப்ரியா. ஒரு மாதமாகத் தாயும் மகனும் புதுப்பாட்டு ஒன்றைப் பழகியிருந்தார்கள். மனைவி வீட்டார் முகம் சுளித்ததும் ரகுபதிதான் போய்ச் சொன்னான்.

"ஒரு மணி நேரந்தாம்மா. உள்ள இருந்துக்குங்க. ஆளுங்க ஏதாவது பேசுவாங்க."

"சரிப்பா." கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

வெளியே வேறு யாரோ பாட, அவன் வாசித்தான். கைகூடத் தட்டினார்கள்.

அதன் பிறகு கமலம் பாடவில்லை. கேட்டால், "தொண்டை சரியில்லப்பா." இருபத்தெட்டு வருடமாக ஒரு தொண்டை சரியில்லாமல் இருக்குமா என்று ரகுபதி கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"கட்டில் இங்கதான் இருக்கும்," என்றான் இப்போது.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அனுவுக்குச் செஞ்சப்ப அம்மாவை உள்ள போகச் சொன்னேன். சொல்லாட்டியும் அனு நல்லாத்தான் பொறந்திருப்பா. அம்மாவோட பாட்டுதான் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை அனுப்ரியா நாற்காலிக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "ஃபர்ஸ்ட் நீங்கதான் போடணும், பாட்டி."

கமலம் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா. ஆகாது."

"பாத்தீங்களா, பெரியவங்களுக்கே தெரியுது," என்றாள் கண்மணி. இரண்டு மூன்று பெண்கள் தலையாட்டினார்கள்.

ரகுபதி அத்தனை பேர் முன்னாலும் கட்டிலருகே மண்டியிட்டான். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா."

கமலம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்பா. உன் மாமியார் வீட்டுல நீ தலை குனிஞ்சு நிக்கக் கூடாதேன்னுதான் உள்ள போனேன்."

அவனால் நிமிர முடியவில்லை. போர்வை அசைந்தது. மெலிந்த கை வெளியே வந்து ஒரு சிவப்பு வளையலை எடுத்தது. தள்ளப் பலமில்லை. அனுப்ரியாதான் தன் கையைக் குறுக்கி உள்ளே நுழைத்துக்கொண்டாள்.

"ஒரு வரி பாடுங்கம்மா," என்றான் ரகுபதி.

"பாட்டு இருக்குப்பா. மூச்சுதான் இல்ல."

நான்கு நாளில் கமலம் இறந்துபோனாள்.

அனுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள், அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்த கண்மணி, ரகுபதியின் அருகில் வந்து நின்றாள். அவள் குரலில் பழைய அழுத்தம் இல்லை.

"உங்கம்மா அவ்வளவு நல்லா பாடுவாங்களாமே சம்பந்தி. ரெக்கார்டிங் இருந்தா போடுங்களேன், புள்ள கேக்கட்டும்."

"இல்ல."

"போன்லகூடவா? ஒண்ணே ஒண்ணு?"

அந்த இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் எத்தனையோ போன்கள் மாறியிருந்தன.

"ஒண்ணுகூட இல்ல," என்றான் ரகுபதி.