பன்னிரண்டு வருஷத்து வெள்ளை

சினிமாப் பிரதி போடும் லேபில் கலர்ப் படங்களின் நிறத்தைச் சரிபார்ப்பது அப்பாவின் வேலை. ஒவ்வொரு பிரதியையும் சின்ன அரங்கில் ஓட்டிப் பார்த்து, இந்தக் காட்சிக்கு நீலம் கொஞ்சம் கூட்டு, அந்தக் காட்சிக்குச் சிவப்பைக் குறை என்று சீட்டு எழுதுவார். அவர் கண்ணை நம்பித்தான் லேபே ஓடியது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நானும் அங்கேதான் படச்சுருள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சினிமாஸ்கோப் என்ற அகலத் திரைப் படங்கள் வரத் தொடங்கியதும், சின்ன அரங்கின் பழைய திரையைக் கழற்றிவிட்டுச் சுவருக்குச் சுவர் புதுத் திரை கட்டினார்கள். அந்த வாரமே அப்பாவுக்கு எல்லாம் நீலம் பாய்ந்து தெரிந்தது. மஞ்சளைக் கூட்டினார். பிரதி தியேட்டருக்குப் போன மறுநாள், டைரக்டர் லேப் வாசலில் நின்று கத்தினார்.

"என் ஹீரோயினுக்கு என்னய்யா, மஞ்சக்காமாலையா? ஊரே சிரிக்குது!"

மேனேஜர் அப்பாவைத் தனியே அழைத்தார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஆள் பாக்கட்டும்."

நான்கு நாள் அப்பா தூங்கவில்லை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு என் சட்டையைப் பார்ப்பார். பிறகு மறு கண்ணைப் பொத்துவார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று எனக்குச் சைகை காட்டினார்.

ஞாயிறு காலை, அம்மா அந்தப் பழைய திரையைத் தொட்டியில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் விரிப்பு தைக்கலாம் என்று அப்பாதான் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"வெள்ளைத் துணின்னுதானே தூக்கிட்டு வந்தீங்க? இது என்னங்க வெள்ளை?"

"பன்னெண்டு வருஷமா அதைத்தான் பாக்குறேன். அதவிட வெள்ளை ஏது?"

"அப்ப இது என்னவாம்?"

அலசிய மூலையைத் தூக்கிக் காட்டினாள். அது மட்டும் பளீரென்றிருந்தது. மிச்சத் துணி டீயில் முக்கியது போல இருந்தது. தொட்டித் தண்ணீரும் அதே நிறம்.

"எத்தன பேரு உக்காந்து ஊதுனாங்களோ! சிகரெட் நாத்தம் குடலைப் புடுங்குது."

அப்பா குனிந்து பார்த்தார். "அந்த மூலை நீலமாத் தெரியுதா உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"வெள்ளையாத்தான்ப்பா இருக்கு."

"எனக்கு நீலமாத் தெரியுதுடி!" லாட்டரி விழுந்தவர் போல் சிரித்தார். "கண்ணு கெடல. இந்த அழுக்கையே வெள்ளைன்னு பழகிக் கெடந்திருக்கு!"

ஈரத் துணியைச் சுருட்டிக்கொண்டு லேபுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். புதுத் திரையில் பாதியை மறைத்து அதைத் தொங்கவிட்டு, விளக்கைப் போடச் சொன்னார். சிகரெட் பற்றவைக்கப் போன மேனேஜரின் கை அப்படியே நின்றது.

"இதுவாண்ணே நாம இத்தன நாளாப் பாத்தது?"

"துணியே இந்த லட்சணம்னா, உங்க நெஞ்சுக்கூட்டை நினைச்சுப் பாருங்க."

மேனேஜர் தீக்குச்சியை ஊதி அணைத்தார். "டாக்டர் சீட்டெல்லாம் வேணாம். நாளைக்கு வந்து புதுப் பிரதிக்கு நிறம் பாத்துக் குடுங்கண்ணே."

வீடு திரும்பிய அப்பா கட்டிலில் விழுந்தார். பட்டப்பகலில் குறட்டை கூரையைப் பிய்த்தது.

"மெதுவாப் பேசுடி, நாலு நாளாத் தூங்காத அப்பா தூங்கட்டும்" என்றாள் அம்மா.

நான் வாயே திறந்திருக்கவில்லை.