குளத்தைக் காணாமல் திரும்பியவர்கள்

1.

இது களவெடுத்த கதை. எடுத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: என் அப்பாவின் போன். படங்கள் நிரம்பிப் போன் இறுகிவிட்டது, பார்த்துத் தா பிள்ளை என்று அவரேதான் தந்தார். நான் பார்க்கவேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்தேன். பரந்த வெண்பனி வெளி. நடுவில் ஒரு பெண், கையில் பாதி கடித்த மட்டன் றோல், கண் கூசச் சிரித்துக்கொண்டு.

அவர் சந்திரவதனா அன்ரி, பாடசாலை பஸ் ஓட்டுபவர். என் அம்மா தெய்வநாயகி இறந்து ஆறு வருடம். இந்த இரண்டு பெயரையும் ஒரே பந்தியில் எழுத எனக்கு இரண்டு கிழமை எடுத்தது.

நான் பிரசாந்தினி. கிழமை நாட்களில் மிசிசாகாவில் விமானச் சரக்குக் கந்தோரில் வேலை, சனி ஞாயிறில் கதை எழுத்து. ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் நானும் அப்பாவும்தான். இனி அவரை அப்பா என்று எழுதப்போவதில்லை. கதையில் அவர் கோணேஸ்வரன், வயது அறுபத்துமூன்று. அப்பா என்று எழுதினால் குளிருக்கு ஏதும் போட்டாரா என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன், கதை நகராது.

2.

முதல் தொடக்கம்: "காடு வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு—"

(வேண்டாம். பனிக்கு வெள்ளைச் சேலை கட்டினால் அடுத்த வரியில் ஒப்பாரி வந்துவிடும்.)

இரண்டாவது: "கோணேஸ்வரன் காரை வடக்கு நோக்கி விரட்டினார்." சுத்தப் பொய். மனிதர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டமாட்டார். ஓட்டியது சந்திரவதனா. எழுபது பிள்ளைகள் கத்த, பனிப்புயலில் பஸ் ஓட்டும் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு ஓட்டமா?

மூன்றாவது, உண்மையானது. ஸ்காபரோவில் குளிர்காலத்தில் எங்கள் வயதானவர்கள் குளிர்படாமல் மோலுக்குள், கடைகளைச் சுற்றி நடப்பார்கள். கோணேஸ்வரன் வலமாகச் சுற்றுவார், கோயில் பழக்கம். சந்திரவதனா இடமாக. எல்லாரும் போகும் பக்கம் போனால் முதுகுகளைத்தான் பார்க்கலாமாம், எதிரே போனால் முகம் தெரியுமாம். ஆகவே இருவரும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சந்திப்பார்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு வசனம். "காலமை என்ன சாப்பாடு?" என்று இவர் சப்பாத்துக் கடையடியில் கேட்டால், "இடியப்பம்" என்ற பதில் மருந்துக் கடையடியில் கிடைக்கும். இப்படியே ஒன்றரை வருடம்.

இந்த ஜனவரியில் கோணேஸ்வரன் ஒரு வசனம் கூடுதலாகச் சொன்னார்.

"ஒருநாளைக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடப்பமோ?"

பதிலுக்கு அரைச் சுற்றுக் காத்திருந்தார்.

"நடக்கலாம். ஆனா இஞ்சை வேண்டாம். நாளைக்கு அஜின்கோர்ட் சனம் முழுக்கக் கதைக்கும்."*

* இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் கூட்டாளி அன்புராசா அங்கிள் ஐந்தடி பின்னால் நடப்பார். முழங்கால் பிழை, காது திறம்.

3.

ஆகவே காடு. ரொறொன்ரோவிலிருந்து இரண்டரை மணித்தியாலம் வடக்கே, மலைக்கு மேல் ஒரு குளம், அதற்கு ஒரு ஒற்றையடிப்பாதை. (மலை என்பது அந்த ஊரவர்களின் பேச்சு. ஏறி முடித்த பிறகுதான் ஏறியதே தெரிந்தது என்றார் திருகோணமலைக்காரரான கோணேஸ்வரன்.)

புறப்படுவதற்கு முதல்நாள் கோணேஸ்வரன் அன்புராசாவுடன் போனில் கதைத்தார். உரத்துக் கதைக்காவிட்டால் போன் வேலை செய்யாது என்பது அவர் நம்பிக்கை. "குளத்தடியிலை வைச்சுக் கேக்கப்போறன். ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி." அடுத்த அறையில் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன்.

பாதை முழுக்க முழங்கால் அளவு பனி. முன்னே போனவர்களின் காலடிக்குள் கால் வைத்து நடந்தார்கள். சந்திரவதனா முன்னால். கோணேஸ்வரன் வாய்க்குள் வசனத்தை ஒத்திகை பார்த்தபடி பின்னால். "எனக்கும் ஒருத்தரும் இல்லை" என்று தொடங்கலாமா? சீ, அது பிச்சை கேட்பதுபோல. "உங்களோட கதைச்சா அண்டைக்கு முழுக்க நல்லாயிருக்கு" என்றால்? அது உண்மை. உண்மையைச் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

பாதிவழியில் அவர் சப்பாத்துக்குள் பனி போய்விட்டது. சந்திரவதனா ஒரு மரக்குற்றியைத் துடைத்து அவரை இருத்தி, தன் பையிலிருந்து ஒரு சோடி கம்பளிக் காலுறையை எடுத்து நீட்டினார்.

"மாத்துங்கோ. வெக்கப்படுற இடமே இது?"

(இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கப் பார்த்தேன். பசப்புக்காரி, வாய்க்காரி, எங்கள் வீட்டுக்குக் கண் வைத்தவர் என்று மூன்று விதமாக எழுதினேன். ஆனால் அந்தச் சாம்பல் நிறக் காலுறை எங்கள் குளியலறையில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்தவன் காலுக்கும் சேர்த்துக் காலுறை கொண்டுபோகிற பெண்ணை எப்படிக் கெட்டவராக்குவது? மூன்றையும் கிழித்தேன்.)

காடு முடிந்து ஒரு பெரிய வெளி வந்தது. ஒரு மரமில்லை, ஒரு செடியில்லை. நடுவரை நடந்தார்கள்.

"குளம் எங்கை?" என்றார் சந்திரவதனா.

கோணேஸ்வரன் நாலாபக்கமும் பார்த்தார்.

"இன்னும் உள்ளுக்கை இருக்குமாக்கும்."

றோல்ஸ் சாப்பிட்டார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். கோணேஸ்வரன் ஒரு படம் எடுத்தார். பனி கொட்டத் தொடங்கியது.

"ஸ்நோ கூடுது, திரும்புவம். குளத்தை இன்னொருநாளைக்குப் பாப்பம், என்ன?"

"ஓம்" என்றார் கோணேஸ்வரன். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினார்.

4.

வீட்டுக்கு வந்தவர், "குளத்தடிக்குப் போக முடியேல்லை" என்றார். குரலில் உயிரே இல்லை. நடந்ததையெல்லாம் அன்றிரவு அன்புராசாவுக்குப் போனில் உரத்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

பிறகுதான் அந்தப் படத்தைக் கண்டேன். படத்துக்குக் கீழே, அதை எடுத்த இடத்தைப் போன் வரைபடத்தில் காட்டியது. நீல நிறம். நட்டநடு நீலத்தில் ஒரு புள்ளி. அவர்கள் குளத்தைத் தேடிக்கொண்டு நின்றதே குளத்தின்மேல்தான். உறைந்து, மேலே பனி மூடி, வெளியாகக் கிடந்திருக்கிறது. தண்ணீரை எதிர்பார்த்த சனத்துக்கு எப்படித் தெரியும்?

இதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு நாளல்ல, மூன்று கிழமை. போனைத் திருத்தி, துடைத்து, "இந்தாங்கோ அப்பா" என்று கொடுத்தேன். தான் போய்ச் சேரவில்லை என்று அவர் நினைக்கும்வரை கேள்வி கேட்கப்படாது. கேள்வி கேட்கப்படாவிட்டால் அம்மாவின் கதிரை வெறுமையாகவே இருக்கும். எனக்கு அது வேண்டியிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அந்த மூன்று கிழமையில் எழுதிய முடிவுகள்:

முடிவு அ: திரும்பும் வழியில் சந்திரவதனா சறுக்கி விழுந்து— (நான் எவ்வளவு கேவலமானவள் என்று எனக்கே தெரிந்த இடம்.)

முடிவு ஆ: "இந்த வயசிலை இதெல்லாம் என்னத்துக்கு, நல்ல சிநேகிதரா இருப்பம்" என்று இருவரும் கண்ணியமாகப் பிரிகிறார்கள். வாசித்தால் நல்ல முடிவுபோல் இருக்கும். பிள்ளைகளுக்கு வசதியான முடிவு அது.

முடிவு இ: கோணேஸ்வரன் கேட்கிறார். அவ—

(அதற்குமேல் கை ஓடவில்லை.)

5.

போன ஞாயிறு காலை அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். மோலுக்குப் போவதையும் விட்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, நீங்கள் அண்டைக்குக் குளத்துக்குப் போய்ச் சேந்திட்டியள். நடுக்குளத்திலைதான் நிண்டிருக்கிறியள். போன்லை பாத்தனான். மூண்டு கிழமையாச் சொல்லாம இருந்திட்டன்."

கத்தி நிற்கவில்லை.

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"கந்தளாய் நீர்ப்பாசனத்திலை பதினொரு வருசம் மட்டம் பாத்தனான். நிலம் உவ்வளவு மட்டமாக் கிடக்காது. தண்ணிதான் கிடக்கும்."

அப்படியென்றால் நான் எழுதிய கோணேஸ்வரன் பிழை. நாலாபக்கமும் பார்த்தாரே, அது தேடியதல்ல. காலடியில் குளம் இருக்கிறதென்று தெரிந்துகொண்டே "இன்னும் உள்ளுக்கை இருக்குமாக்கும்" என்றிருக்கிறார்.

"பிறகேன் கேக்கேல்லை?"

இப்போது கத்தியை வைத்தார்.

"அவவட்டைக் கேக்க முதல் உன்னட்டைக் கேக்கோணும் எண்டு அங்கை நிண்டாப்போலதான் விளங்கினது. அவவட்டைக் கேக்கப் பயமில்லை. உன்னட்டைக் கேக்கத்தான் பயம்."

என்னைப் பெற்ற மனிதர் எனக்குப் பயந்துகொண்டு ஒரு குளத்தையே இல்லையென்று சொல்லியிருக்கிறார். நான் அழுதேன். வெங்காயம் என்று சமாளிக்கக்கூட இல்லை.

"கேளுங்கோ அப்பா."

கேட்டார். நேராகக் கேட்கவில்லை, அம்மாவில் தொடங்கி, எங்கெங்கோ சுற்றி, பாதியில் நின்று, திரும்பத் தொடங்கிக் கேட்டார். அதை இங்கே எழுதமாட்டேன். நான் ஓம் என்றேன். முழு மனதோடு சொன்னேனா? முக்கால்வாசி. மிச்சம் வரும்.

6.

இன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அன்ரியின் கார் கீழே வந்து நின்றது. அப்பா நான்கு முறை சீப்பால் தலை இழுத்துவிட்டு இறங்கிப் போனார். இப்போது மத்தியானம். அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். பங்குனி தொடங்கிவிட்டாலும் குளம் இன்னும் நல்லாய் உறைந்துதான் கிடக்குமாம்.

எழுதுவதானால் இப்போதே எழுதலாம். ஒரு வரி போதும், அன்ரியை ஓம் சொல்லவைக்க. ஆனால் என் சொல்லுக்குக் காத்திருந்தே அப்பாவுக்கு மூன்று கிழமை போய்விட்டது. இனி அவர்களின் வாயில் நான் ஒரு சொல்லும் வைக்கப்போவதில்லை. நீங்கள் விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். அன்ரியை அவசரப்படுத்தாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது. மூன்று பேருக்கு அரிசி போட்டிருக்கிறேன். அன்ரி வராவிட்டால் நாளைக்கும் அதையே சாப்பிடுவோம்.