வியர்வை நின்ற பிறகு

சுமித்திரா அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. கண்ணிவெடி அகற்றப் போகிற பெண்களில் பாதிப்பேர் குடிப்பதில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும். போவதென்றால் அந்தப் பாரமான கவசத்தைக் கழற்றி, தறப்பாள் மறைப்புவரை நடந்து, திரும்பி வந்து எல்லாவற்றையும் மாட்டவேண்டும். யாருக்கு வேண்டும் அந்த ஆக்கினை? சித்திரை வெயிலில் இது விசர் வேலை என்று சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

கிளிநொச்சிக்கு வடக்கே ஒரு தென்னங்காணி. கம்பு நட்டுப் பிரித்த ஒடுங்கிய பாதை, அதுதான் ஒழுங்கை; அதற்குள் முழந்தாளிட்டு, வெடி இருந்தால் கத்துகிற கருவியால் தடவித் தடவி முன்னேறினாள். வெயில் ஏற ஏற வியர்வை நின்றுவிட்டது. நல்லதாய்ப் போச்சு என்று நினைத்தாள். பிறகு அந்த வெயிலுக்குள்ளேயே குளிர்ந்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது.

ஒழுங்கை முடிய எழும்பினாள். பக்கத்தில் சிவப்புக் கம்புகள். கம்புக்கு ஒரு பக்கம் துப்புரவாக்கிய நிலம். மற்றப் பக்கம் கால் வைத்தால் ஆள் இல்லை. எந்தப் பக்கம் எது? வருசக்கணக்காய்ச் செய்கிற வேலை, பிடிபடவில்லை. வீட்டில் அடுப்பை நூர்த்தேனா, எரியவிட்டேனா? அதுவும் இதுவும் ஒன்றாய்க் குழம்பின. வலக்காலைத் தூக்கியவள், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"அக்கா, எடுத்த இடத்திலேயே காலை வையுங்கோ. அசையாதேங்கோ."

குழுத் தலைவி யதுர்ஷிகா. பின்னால் வந்து இடுப்பைப் பிடித்துக் கூட்டிப்போனாள். நிழலில் இருத்தி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினாள்.

"உடம்புச் சூட்டை மூளைதான் பாக்கிறது. வேர்க்கிறதுக்குத் தண்ணி இல்லையெண்டால் அதுவே சூடேறிக் குழம்பிப்போடும். குழம்பினது உங்களுக்கே தெரியாது."

"எப்ப தொடங்கிக் குழம்பினது?"

"ஆருக்குத் தெரியும்? வீட்டை போய்ப் படுங்கோ. ஒழுங்கை முடிஞ்சுதுதானே."

முடிந்ததா? சுமித்திரா ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு அந்த ஒழுங்கையால் ஆட்கள் நடப்பார்கள். மண்ணைத் தடவியது ஞாபகம் இருந்தது. அது இன்றைக்கா, நேற்றா? வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

"இண்டைக்கு நான் பாத்தது முழுக்கத் திருப்பிப் பாருங்கோ."

"உங்களிலயோ உங்களுக்கு நம்பிக்கை இல்லை?"

"ஓம். என்னிலதான்."

யதுர்ஷிகா முணுமுணுத்துக்கொண்டு கவசத்தை மாட்டினாள். ஒழுங்கையின் நடுவில் கருவி கத்தியது. குனிந்து மெல்ல மெல்ல மண்ணை விலக்கியவள், கையை உயர்த்தி எல்லாரையும் பின்னுக்குப் போகச் சொன்னாள்.

வந்தபோது அவளுடைய முகம் வெளிறியிருந்தது.

"உங்கட முழங்கால் பதிஞ்ச இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அக்கா."

சுமித்திராவுக்கு அந்த இடத்தில் முழந்தாளிட்டதே ஞாபகம் வரவில்லை.