முக்கால் மணி நேரம்

முதுகுக்குப் பவுடர் போடலாமென்று இருதயநாதனைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டியபோதுதான் மரிய செல்விக்குத் தெரிந்தது, அவர் போய்விட்டார். மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை புரட்டிய உடம்பு. கை வைத்தால் ஒரு முனகலாவது வரும். இன்றைக்கு வரவில்லை. கையும் காலும் ஆறிப்போயிருந்தன. மூக்கின் கீழ் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அப்பாடா என்றது மனசு. முதலில் வந்தது அதுதான், பொய் சொல்வானேன். இனி அவருக்குப் படுக்கைப் புண் இல்லை, மூக்கில் குழாய் இல்லை. அடுத்த நொடியே அவளுக்குத் தன் மேல் வெறுப்பாக வந்தது. கட்டிய புருஷன். கீரனூருக்கும் திருச்சிக்கும் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து நாக்கும் வலப்பக்கமும் விழும்வரை ஒரு நாள்கூடச் சும்மா உட்காராதவர்.

அழ வாயைத் திறந்தவள், கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. பதினோரு மணிக்கு மகள் ஜாஸ்பினுக்கு இன்டர்வியூ.

ஜப்பானில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை. அதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஆறு மாசமாக ஃபாரம் நிரப்பினாள். பேராசிரியர்களிடம் சிபாரிசுக் கடிதத்துக்காகத் திருச்சிக்கும் ஆவூருக்கும் அலைந்தாள். போன வருஷமும் இப்படித்தான் எல்லாம் கூடிவந்தது. இன்டர்வியூ அன்று காலையில் இருதயநாதனுக்கு வலிப்பு. ஜாஸ்பின் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். ஒருத்தர் இரண்டு தடவைதான் விண்ணப்பிக்கலாமாம். இது இரண்டாவது.

"போன வருசமும் இதே வேலதான பாத்தீங்க?" என்று செல்வி அவரிடமே சண்டைக்குப் போனாள். "ஒரு மணி நேரம் பொறுத்துப் போனா என்னங்க, கொள்ளையா போயிரும்?"

கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

ஆவூரில் யார் கண் மூடினாலும் முதலில் உபதேசியார் ஆனந்தராஜுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் போய்த் துக்க மணி அடிப்பார். மணி கேட்டதும் வயலில் குனிந்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து, போன ஆன்மாவுக்காக ஒரு செபம் சொல்வார்கள். பிறகு யாரென்று விசாரித்துக்கொண்டு வந்து சேருவார்கள். வீட்டில் நெட் இழுக்காது என்று பங்குச் சாமியார் தன் ஆபீஸ் அறையைத்தான் ஜாஸ்பினுக்குத் திறந்து கொடுத்திருந்தார். மணிக்கூண்டு அந்த அறைக்குப் பத்தடி தள்ளி. மணி அடித்தால் முதலில் கேட்பது அவளுக்குத்தான்.

பதினொன்று ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது. இருதயநாதனின் அக்கா சவரியம்மாள், தம்பிக்குத் தினமும் கொண்டுவரும் கீரைச் சாறோடு நின்றாள். எதற்குத் தாழ் என்று கேட்டபடியே உள்ளே வந்தவள், கட்டிலைப் பார்த்தாள். தூக்குவாளி நழுவியது. "எஞ்சாமீ..." என்று குரல் கிளம்புவதற்குள் செல்வி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மதினி, ஒங்க காலப் புடிக்கிறேன். முக்கா மணி நேரம். புள்ள உள்ள ஒக்காந்துருக்கு, கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காங்க."

சவரியம்மாள் கையைத் தட்டிவிட்டாள். "கூடப் பொறந்தவ நானு! அழக்கூடாதுங்குறியா?"

"அழுங்க. நானும் அழுவேன். பன்னெண்டு மணிக்கு மேல ஊரே கேக்குற மாதிரி அழுவோம்."

"மணி அடிக்காம பொணத்த மூடி வச்சுருக்கியேடி, ஒரு செபம் இல்லாம அவன் ஆத்மா வாசப்படியிலயே நிக்காதா? நாளைக்கு ஊர் என்ன பேசும்? ஊர் வாய மூட ஒலமூடி இருக்கா?"

"மூணு வருசம் கெடந்த மனுசன், முக்கா மணி நேரம் நிக்க மாட்டாரா மதினி? போன வருசம் தன்னாலதான் புள்ளைக்குப் போச்சுன்னு அதப் பத்திப் பேசுனாலே செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

சவரியம்மாளுக்குத் தெரியும். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். உடம்பு குலுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து துணியைக் கிழித்துத் தம்பியின் தாடையைக் கட்டினாள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். பிறகு இரண்டு பேரும் உதடு மட்டும் அசைய செபமாலை சொன்னார்கள்.

செபமாலையின் மூன்றாவது பத்தில் இருக்கும்போது, "அண்ணன் என்ன பண்றாரு? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வெளியே பக்கத்து வீட்டுப் பழனிச்சாமியின் குரல். சவரியம்மாள்தான் எழுந்துபோய்க் கதவை ஒரு சாண் திறந்தாள்.

"இப்பத்தான் அசந்து தூங்குறான். அப்புறமா வாப்பா."

கதவைச் சாத்திவிட்டு வந்து, "வாழ்க்கையில பொய்யே சொல்லாதவ. இந்த வயசுல சொல்ல வச்சுட்டியேடி" என்று செல்வியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்படியே அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

செல்விக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. அப்பா போனதை மறைத்துவிட்டாயே, கடைசியாக அவர் முகத்தை நான் சூட்டோடு பார்க்க வேண்டாமா என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? ஜப்பான் கிடைத்து, மகள் கிடைக்காமல் போனால்?

பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டிச் சத்தம். இன்டர்வியூவுக்கென்று தேய்த்துப் போட்ட நீலச் சுடிதாரில் ஜாஸ்பின் உள்ளே வந்தாள். பையை மெதுவாக நாற்காலியில் வைத்தாள். அத்தையையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள்.

"நல்லா பண்ணேம்மா" என்றாள். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். கடைசியா ஒரு அம்மா கேட்டாங்க. போன வருசம் ஒங்கப்பாவுக்கு முடியாம நீ வரலையே, இப்ப எப்படி இருக்காருன்னு."

செல்வி கிட்டே வந்தாள். "நீ என்ன சொன்ன?"

"இப்ப அவருக்கு ஒரு வலியும் இல்லன்னு சொன்னேன்."

செல்வி மகளையே பார்த்தாள்.

"கௌம்புறப்ப நெத்தியில சிலுவ போடப் போனேம்மா. மூச்சு இல்ல." ஜாஸ்பினின் குரல் உடைந்தது. "சொன்னா நீ என்னய விடுவியோ என்னமோ. ஊரு விடாது. போர்வைய இழுத்து விட்டுட்டுப் போயிட்டேன். வழியெல்லாம் அழுதேன். கோயில் கேட் கிட்ட நின்னு மூஞ்சியக் கழுவிட்டு உள்ள போனேன். நான் பாவிம்மா."

செல்வியின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று இறங்கியது. மகளை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "நானும்தாண்டி" என்றாள். "நானும்தான்." சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவரும் தாடை கட்டின முகத்தோடு கொஞ்சம் நிம்மதியாக இருப்பதுபோலத்தான் செல்விக்குத் தோன்றியது.

சவரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். திட்டப்போகிறாள் என்று செல்வி காத்திருந்தாள். அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தட்டில் நாலு இட்லியும் சீனியுமாக வந்தாள்.

"காலையில சாப்புட்டாளா இவ?"

"பயத்துல தண்ணிகூடக் குடிக்கல மதினி."

"ஊருக்குச் சொல்லிட்டா அடுப்பு மூட்டக் கூடாது. நாளைக்கு அடக்கம் முடியுற வரைக்கும் பச்சத் தண்ணிதான். ஒக்காரு."

"வேணாம் அத்த."

"ஒக்காருன்னு சொன்னேன்."

ஜாஸ்பின் கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் இட்லியைப் பிட்டபோது கண்ணீர் தட்டில் விழுந்தது. அதோடேயே தின்றாள். ஆறு மாசப் பசி. செல்வி செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் இருந்தாள்.

சவரியம்மாள் கதவை ஒரு சாண் திறந்து, தெருவில் போகிறவர் கண்ணில் எதுவும் படாதபடி அந்த இடைவெளியை மறைத்து நின்றுகொண்டாள்.

"மெதுவாத் தின்னு. விக்கப் போவுது" என்றாள், திரும்பாமலே.