வாத்தியார் பக்கத்து பிரேக்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அல்சூரில், ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில். என் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். முதல் வாக்கியத்தை அங்கேயே போனில் தட்டினேன். மறுநாள் படித்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை.

2

தொடக்கம் ஒன்று: டொமினிக்கின் கண்மணிகள் விரிந்தன, இரு கரிய நிலவுகள் போல, அந்தி...

(வேண்டாம். நிலவுக்கெல்லாம் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: டொமினிக் விவேக் நகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். சர்க்கரை வியாதிக்காரர். கண்ணைக் காட்ட மனைவி மௌரீனை ஏற்றிக்கொண்டு தன் ஸ்கூல் காரிலேயே வந்திருந்தார். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு, சோதனை முடிந்ததும் நர்ஸ் சுனிதா சொன்னார்:

"சார், வெளிச்சம் கூசும், எல்லாம் மங்கலாத் தெரியும். சாயங்காலம் வரைக்கும் வண்டிய தொடாதீங்க."

"நான் யாரு தெரியுமா? பாதி விவேக் நகருக்கு ஸ்டியரிங் புடிக்கக் கத்துக்குடுத்தவன்."

"அப்போ மீதிப் பாதி பொழச்சுப் போகட்டும் சார்."*

* இது சுனிதா சொன்னதல்ல, நான் சேர்த்தது. அவர் அதற்குள் அடுத்த ஆளுக்கு மருந்து விடப் போய்விட்டார்.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு விபத்து வேண்டும். எழுதியும் பார்த்தேன். வெயிலில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட, குறுக்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை...

கை வரவில்லை. அதற்குள் மௌரீன் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"லைசன்ஸ் இருக்குங்க. வாங்கி ரெண்டு வருஷமாச்சு."

"யாரு கத்துக்குடுத்தது?"

"ரிச்சர்ட்ஸ் டவுன் கிளெமென்ட்."

கிளெமென்ட்டுடையது போட்டி டிரைவிங் ஸ்கூல். டொமினிக் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல நான் இருக்கறப்போ, அவன்கிட்டயா?"

"உங்ககிட்டதான் மொதல்ல வந்தேன். கிளட்ச்ல கால் வெக்கறதுக்குள்ள அழவெச்சு எறக்கிவிட்டீங்க. அவரு கத்தவேயில்ல."

(டொமினிக்கை நல்லவராகத்தான் படைக்க நினைத்தேன். இதைக் கேட்டபின் எனக்கே அவர்மேல் கோபம்.)

4

ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு, வாத்தியாருக்காக. டொமினிக் கறுப்புக் கண்ணாடியோடு அங்கே உட்கார்ந்தார். தண்ணி லாரி என்று மிதித்தார். அது கோவில் மதில். மாடு என்று மிதித்தார். அது நிறுத்திவைத்த ஸ்கூட்டர்.

ஆஸ்டின் டவுன் சிக்னலில் பச்சை விழுந்தது. மௌரீன் முதல் கியர் போட்டாள். வண்டி நகரவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் "ஹோகி மேடம், ஹோகி!" என்று, போங்க போங்க என்பதைக் கன்னடத்தில் அலறினார்.

"கால எடுங்க."

"எதிர்ல ஏதோ வருது, மௌரீன்."

"ஒண்ணும் வரல. நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்? என்ன நம்புங்க."

கியர் விழுந்திருக்கிறதா என்று அவள் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறாள். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது, பாவமாக இருக்கிறது.

5

முடிவு அ: காலை எடுக்கிறார்.

முடிவு ஆ: கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு ஆட்டோ தேடுகிறார்.

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் மௌரீன் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறாள். அவள் தனியாகப் போகிறாளா என்பது மட்டும்தான் பாக்கி, அதை முடிவு செய்ய எனக்குத் தைரியமில்லை. அந்த இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். பிரேக்கை மிதித்திருப்பது இனி உங்கள் கால். கொஞ்சம் சீக்கிரம், ஆட்டோக்காரர் இறங்கி வந்துகொண்டிருக்கிறார்.