தார்நாகாவில் எடுத்த இரண்டு டேக்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஹைதராபாத்தில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெப் சீரிஸுக்குத் தமிழ் வசனம் எழுதச் சென்னையிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். படப்பிடிப்பில் இரண்டு நாள் இருந்தேன். அங்கே ஒரு அம்மாள் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யால் லாபம் அடைந்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘சார்மினாரின் தூண்களுக்கு நடுவே அந்தி வெயில் சாய்ந்து’

அடித்துவிட்டேன். ஹைதராபாத் என்றதும் எல்லாரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். ட்ரோன் பறக்க வேண்டும், இரானி டீயில் ஆவி பறக்க வேண்டும், யாராவது பிரியாணிச் சட்டியைத் திறக்க வேண்டும். ஊர் வந்துவிட்டதாம். பொய் சொன்ன திரிபுரசுந்தரி மாமி கல்யாணமாகி, ஹைதராபாத்தின் தார்நாகா பகுதிக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. சார்மினாருக்கு மூன்றே முறைதான் போயிருக்கிறார். மூன்று முறையும் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்காகத்தான்.

2

மாமியின் கணவர் நாராயணஸ்வாமி, மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சந்தீப், எங்கள் சீரிஸில் உதவி இயக்குநர். அவர்கள் அடுக்ககத்திலேயே காலியாக இருந்த ஒரு வீட்டில் படப்பிடிப்பு. நடிகர்களின் தமிழ் சரியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல, சந்தீப் தன் அம்மாவையே மானிட்டர் பக்கத்தில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்டிருந்தான்.

மாமி காய்கறி வண்டிக்காரரிடம் “நக்கோ பையா, இது நேத்திக்கி சரக்கு” என்று ஊர் ஹிந்தியில் வேண்டாம் சொல்லித் தமிழில் முடிப்பார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் தெலுங்கு. பிள்ளையிடம் தமிழ். பிள்ளை பதில் சொல்வது தெலுங்கில்.

“சாப்ட்டியாடா?”

“தின்னானம்மா.”

“வெளியிலயா? கண்டதையும் திங்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“சரேலே.”

இதில் இருவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. சிரமம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மன்னார்குடியில் இருக்கும் மாமியின் அண்ணா வெங்கட்ரமணன் அன்றைக்குத்தான் போன் செய்வார். பிள்ளைக்குத் தமிழ் வராவிட்டால் அது தாயார் வளர்த்த லட்சணம் என்பது அவர் கட்சி. அதனால் சந்தீப்புக்கு ஐந்து வயதிலேயே மாமி மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். “சௌக்கியமா மாமா? நான் நன்னா இருக்கேன். இதோ அம்மாகிட்ட தரேன்.”* இருபத்திரண்டு வருஷமாக அதே மூன்று. ஹைதராபாத்தில் இருந்தும் என் தங்கை பிள்ளையை என்ன அழகாக வளர்த்திருக்கிறாள் என்று அண்ணா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போகிறார்.

(* சரியாகச் சொன்னால் நான்கு. தீபாவளியன்று மட்டும் “கங்கா ஸ்நானம் ஆச்சா மாமா?” சேர்ந்துகொள்ளும்.)

3

அன்று எடுக்க வேண்டிய காட்சியைச் சந்தீப்பே எழுதியிருந்தான். இரண்டு வருஷ உதவி இயக்குநர் வாழ்க்கையில் அவன் எழுதிய முதல் காட்சி. வீட்டுக்கு வரும் மகனிடம் அம்மா தமிழில் கேட்கிறாள், “வேலை என்னடா ஆச்சு?” மகன் செருப்பைக் கழற்றியபடி, போய்விட்டது என்பதைத் தெலுங்கில் ஒரே வார்த்தையாகச் சொல்கிறான், “போயிந்தம்மா.” அவ்வளவுதான்.

சீரிஸை வெளியிடும் கம்பெனியிலிருந்து வந்தவருக்கு இது பிடிக்கவில்லை. தமிழ்க் குடும்பம் என்றால் தமிழ் பேச வேண்டாமா, பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்களே என்றார். அவர் கேட்டுக்கொண்டபடி நான் முன்பே ஒரு பதில் எழுதித் தயாராக வைத்திருந்தேன்: “தோத்துட்டேன்மா. உன் முகத்தைப் பார்க்கிற தைரியம்கூட என்கிட்ட மிச்சமில்லைம்மா.”

இயக்குநர் சபீனா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குச் சந்தீப் எழுதியதுதான் பிடித்திருந்தது. சாட்சிக்கு ஆள் இருக்கும் தைரியத்தில் மாமியிடம் திரும்பினார். “ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பிள்ளை இப்படித் தெலுங்கில் பதில் சொல்வாரா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

பதினைந்து பேர் மாமியைப் பார்த்தார்கள்.

“சே சே, எங்காத்துல எல்லாரும் தமிழ்தான்” என்றார் மாமி.

யோசித்துச் சொன்னதல்ல. இத்தனை வருஷம் அண்ணாவுக்குச் சொன்ன பதில் வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. யாருக்கு எதிராகச் சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

[இந்த இடத்தில் ‘சந்தீப்பின் கண்களில்’ என்று எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். அவன் கண்களை நான் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து என் வரியைப் பிரதியில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.]

4

முடிவுகள் சில வைத்திருந்தேன். ஒன்றில், சாப்பாட்டு இடைவேளையில் “ஏன்டா பேச மாட்டேங்கறே?” என்று மாமி கேட்க, சந்தீப் அந்தப் போன் தமிழிலேயே “நான் நன்னா இருக்கேன்” என்கிறான். பலத்த கைதட்டல் கிடைக்கும். ஆனால் சந்தீப் அவ்வளவு பொல்லாதவன் இல்லை. இன்னொன்றில் மாமி அழுகிறார். மாமி அழவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார், கை கழுவினார், வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நடந்ததையே எழுதுகிறேன். என் வரியோடு முதல் டேக் முடிந்தது. நடிகர் சென்னைப் பையன், உச்சரிப்பு சுத்தம்.

“ஆன்ட்டி, ஓகே?” என்றார் சபீனா.

மாமி ஹெட்போனைக் கழற்றினார். “தமிழ் ஓகே. நான்தான் ஓகே இல்லை. காலம்பற பொய் சொல்லிட்டேன். எம்பிள்ளை இப்படியெல்லாம் பேச மாட்டான். ஒரு வார்த்தைதான் சொல்லுவான், அதுவும் தெலுங்குலதான். எனக்கு அது புரியும்.” பிறகு எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஹிந்தியிலும் ஒருமுறை சொன்னார். அவர் முகம் சிவந்திருந்தது.

“இப்புடெந்துக்கம்மா இதி?” என்றான் சந்தீப், இப்போது போய் எதற்கு இது என்று.

“இப்பவாவது சொல்றேனேடா.”

வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. அவன் எழுதியபடியே இரண்டாவது டேக் எடுத்தார்கள்.

5

இரண்டும் இப்போது எடிட்டரிடம் இருக்கின்றன. சபீனாவும் கம்பெனிக்காரரும் ஒத்துப்போகவில்லை. கடைசியில், எது அசல் என்று தமிழ் வசனம் எழுதியவரே சொல்லட்டும் என்று முடிவெடுத்து எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். நான்கு நாளாகப் பதில் போடவில்லை. அந்த சீரிஸிலேயே நான் எழுதிய நல்ல வரி அதுதான்.

நேற்று மாமி போன் செய்தார்.

“ரெண்டாவதையே வைக்கச் சொல்லுங்கோ. எங்கண்ணா பாப்பார், கேள்வி கேப்பார். நான் பதில் சொல்லிக்கறேன்.” பிறகு சொன்னார், “உங்க வசனம் ரொம்ப நன்னாருக்கு. அதைக் கேட்டப்போ எனக்கே ஒரு நிமிஷம் ஆசையா இருந்தது, இப்படி ஒரு பிள்ளை இருந்தா தேவலைன்னு. அந்த ஆசை தப்புன்னுதான் ஹெட்போனைக் கழட்டினேன்.”

பதிலை எழுத உட்கார்ந்தேன். ‘அன்புள்ள சபீனா, இரண்டு டேக்கையும் பார்த்தேன். என் கருத்தில்’

மீதியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நான் எழுதினால் எந்த டேக்கைச் சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.