மூட முடிந்த பள்ளிக்கூடம்

அந்தப் புதுப் பள்ளியைப் பார்த்தாலே கிளெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். வட இங்கிலாந்தின் அந்தச் சின்ன ஊரில் ஒரு தனியார் கம்பெனி கட்டிப் பராமரிக்கும் கட்டடம் அது. அதற்காக நகராட்சி வருடா வருடம் பணம் அழுதுகொண்டிருந்தது. பிள்ளைகளின் கோட்டுகளை மாட்டச் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் ஆசிரியர்கள் கம்பெனிக்கு எழுதிப் போட வேண்டும். அவர்கள் சாவகாசமாக ஆள் அனுப்புவார்கள். பில்லை மட்டும் உடனே அனுப்புவார்கள். இதற்குப் பெயர் கூட்டு முயற்சியாம்!

இதனால் ஊருக்கு லாபமா என்று பார்த்துச் சொல்வது நகராட்சித் தணிக்கையாளரான கிளெனிஸின் வேலை. ஒப்பிட இன்னொன்று வேண்டுமே என்று, நகராட்சியே நடத்தும் மேட்டுத்தெருப் பழைய பள்ளிக்குப் போனாள். அங்கே தலைமையாசிரியை ஐலீன். இருவரும் அதே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"எல்லாத்தையும் பாத்துக்கோடி. ஒளிக்க என்ன இருக்கு? இதைப் பாத்தாவது எங்களுக்கு ஒழுகாத கூரை ஒண்ணு போட்டுக் குடுக்கட்டும்," என்றாள் ஐலீன், பிஸ்கட்டை டீயில் முக்கியபடி.

"போடாம எங்க போவாங்க? உன் ஸ்கூலைக் காட்டித்தான் அந்தக் கம்பெனிக்காரங்க மூஞ்சியில கரி பூசப் போறேன்."

பூசத்தான் செய்தாள். பழைய பள்ளியில் செலவு பாதி, படிப்பும் மேல் என்று அறிக்கையில் போட்டு உடைத்தாள்.

"பிரமாதம்! ஒரு வரியைக்கூட மறுக்க முடியல," என்றார் நிதிக்குழுத் தலைவர் ஆர்மராட். "ஊர்ல பிள்ளைங்களும் குறைஞ்சுபோச்சு. ஒண்ணை மூடியாகணும்."

கிளெனிஸுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "புதுசைத்தானே?"

"அதை எப்படிம்மா மூடறது? மூடினாலும் ஒப்பந்தம் முடியற வரைக்கும் கம்பெனிக்குக் கட்டித்தானே ஆகணும். பழசை மூடினா ஒருத்தனும் பணம் கேக்க மாட்டான். எவ்வளவு மிச்சமாகும்னு நீங்களே கணக்குப் போட்டுக் குடுத்துட்டீங்களே!"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். அதுதான் அவளைக் கொன்றது.

மேட்டுத்தெருவில் ஐலீன் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். "என்னடி, கூரை உண்டா?"

கிளெனிஸ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தோழியின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. நடைவழியில் சின்னச் சின்னக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின.

"எங்க ஸ்கூல் மோசம்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள் ஐலீன்.

"இல்லடி. அப்பவும் இதைத்தான் மூடியிருப்பாங்க."